தகடு வைத்த கையோடு ஒரு கடிதமும் கொடுங்கள், டாக்டர்

அமெரிக்காவில் கழுத்தும் முதுகும் பார்க்கும் தமிழ் டாக்டர்களுக்கும், அவர்களுக்காகக் கடிதம் தயாரித்துக் கொடுக்கும் கிளினிக் உதவியாளர்களுக்கும்,

வணக்கம்.

இந்த வருஷம் எங்கள் நியூஜெர்சிப் பக்கத்துப் பொங்கல் விழாவில், சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் உங்களில் ஒருவர் நின்றிருந்தார். என் தொண்டை மடிப்பில் இருக்கும் மெல்லிய ஆபரேஷன் கோட்டைப் பார்த்ததும், "சி6-சி7-ஆ?" என்று, கழுத்தின் ஆறாவது ஏழாவது எலும்புகளைச் சொல்லி, கேட்டார். தொழில்காரர் கண் அல்லவா. ஆமாம் என்றேன். பேச்சு வளர்ந்தது. சனிக்கிழமைகளில் பிரின்ஸ்டன் விமான தளத்திலிருந்து செஸ்னா 172 என்ற சின்ன விமானம் ஓட்டுகிறேன் என்றதும் தட்டோடு முழுசாகத் திரும்பிவிட்டார்.

"ஃப்யூஷன் பண்ணினதுக்கு அப்புறமுமா ஓட்ட விடுறாங்க?"

ஃப்யூஷன் என்றால் டிஸ்கை எடுத்துவிட்டு, அதற்கு மேலும் கீழும் உள்ள எலும்புகளைப் பூட்டி ஒன்றாக்குவது. போன மாதம்தான் அவரிடம் ஒருவர் வந்தாராம். சொந்தமாகச் சின்ன விமானம் வைத்திருப்பவர். அவருக்கும் இதே ஆபரேஷன். "இனிமே அதையெல்லாம் மறந்துடுங்க" என்று இவர் சொல்லி அனுப்ப, அந்த மனிதர் விமானத்தை விற்பனைக்குப் போட்டுவிட்டார்.

எனக்கு வெண்பொங்கல் இறங்கவில்லை. பின்னால் முப்பது பேர் நிற்கும்போது விதிமுறை விளக்க முடியுமா? அதனால்தான் இந்த மடல். ஆங்கிலத்தில் எழுதியிருக்கலாம், ஆனால் ஆங்கிலத்தில் உங்களுக்கு வரும் காகிதங்களை நீங்கள் எப்படிப் படிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். தமிழில் வந்தால் நின்று படிப்பீர்கள் என்று ஒரு நம்பிக்கை.

முதலில் அவர் கேள்விக்கு நேர் பதில். விடுகிறார்கள். விமானிகளுக்கு அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.ஏ.ஏ. தன் விமான மருத்துவப் பரிசோதகர்களுக்குக் கொடுத்திருக்கும் வழிகாட்டியில், டிஸ்க் அறுவை சிகிச்சை செய்துகொண்டது மட்டுமே தகுதியைப் பறிக்காது என்றுதான் இருக்கிறது. தொந்தரவு எதுவும் இல்லை, முழுக்கத் தேறிவிட்டார், மருந்து சாப்பிடவில்லை, நரம்பில் குறை மிஞ்சவில்லை. இந்த நான்கும் உறுதியானால், மற்றத் தகுதிகளும் சரியாக இருக்கும் பட்சத்தில், பரிசோதகர் தம் மேசையிலேயே, பறக்க வேண்டிய மருத்துவச் சான்றைக் கொடுத்துவிடலாம். என்னைப் போல் பொழுதுபோக்குக்குப் பறப்பவனுக்கு வேண்டிய மூன்றாம் வகுப்புச் சான்று மட்டுமல்ல. ஏர்லைன் கேப்டனுக்கு வேண்டிய முதல் வகுப்பும் இதில் அடக்கம்.

சரி, அந்த நான்கையும் பரிசோதகருக்கு யார் சொல்வது? உங்கள் கடிதம்தான் சொல்ல வேண்டும். கத்தி பிடிக்கும் வேலையில் உங்களைக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. பேனா பிடிக்கும் வேலையில்தான் வழக்கு.

என் கதையைச் சொல்கிறேன். எனக்கு அப்போது 51 வயது. இடது தோள்பட்டைக்குப் பின்னால் ஒரு வலி. தலையணை சரியில்லை என்று இரண்டு தலையணை மாற்றினேன். பிறகு நடுவிரல் மரத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அரிசிப் பையை அலமாரியின் மேல் தட்டில் ஏற்றப் போனேன், இடது முழங்கை தானாக மடிந்து பை என் தலைமேல் வந்தது. உங்களுக்கு இது பாலபாடம்: சி7 நரம்பு, முழங்கையை நீட்டும் டிரைசெப்ஸ் தசை. எனக்குப் புரிய எம்.ஆர்.ஐ. வரை போக வேண்டியிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையோடு பறப்பதை நிறுத்தினேன். இதில் உங்களில் பலருக்கும், விமானிகளிலேயே பலருக்கும் ஒரு குழப்பம் உண்டு. என் மருத்துவச் சான்றில் அப்போது இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் பாக்கி இருந்தது. 40 வயதைத் தாண்டியவர்களுக்கு மூன்றாம் வகுப்புச் சான்று 24 மாதம் செல்லும். நடுவில் உடம்பு கெட்டால் சான்றைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. சாதாரணச் சான்று வைத்திருப்பவர் அன்றே எஃப்.ஏ.ஏ.வுக்குத் தகவல் தர வேண்டியதும் இல்லை. ஆனால் 61.53 என்று ஒரு விதி இருக்கிறது. தனக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்தும், அல்லது பறப்பதற்கு ஒவ்வாத மருந்து சாப்பிட்டுக்கொண்டும், ஒருவர் விமானத்தை ஓட்டக் கூடாது. சான்று பர்ஸில் உயிரோடு இருக்கும், நான் தரையில் இருப்பேன். அடுத்த பரிசோதனை வரும்போது ஆபரேஷனைச் சொல்லியே ஆக வேண்டும். ஆகவே உங்கள் நோயாளி, "என் லைசென்ஸ் போச்சா டாக்டர்?" என்று பதறினால், "போகலை, இப்போதைக்கு ஓட்டாதீங்க" என்பதுதான் சரியான பதில். இரண்டே வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் ஒரு விமானம் விற்பனைக்கு வந்திருக்காது.

ஆபரேஷனை உங்களுக்கே நான் விவரிப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை. முன்பக்கமாகக் கழுத்தைத் திறந்து, மூச்சுக்குழாயையும் உணவுக்குழாயையும் ஒதுக்கி, டிஸ்கை எடுத்து, அந்த இடத்தில் சின்னக் கூண்டு ஒன்றை வைத்து, டைட்டானியம் தகட்டால் முடுக்கினார் என் டாக்டர். கும்பகோணத்தில் இருக்கும் அம்மாவிடம் போனில், "கழுத்துல தகடு வச்சிருக்காங்கம்மா" என்றேன். "எந்தக் கோயில் தகடு?" என்றாள். கழுத்துக்கு வெளியே கட்டுவது போய் உள்ளே திருகும் காலம் வந்துவிட்டதை அவளுக்கு விளக்க அரை மணி நேரம் ஆனது. குரல் வேறு ஆறு வாரம் கம்மியிருந்ததால், பாதிக்கு மேல் அவளுக்குக் கேட்கவும் இல்லை.

அந்தக் கம்மல் குரலைப் பற்றி ஒரு வார்த்தை. குரல்நாணுக்குப் போகும் நரம்பு அந்த வழியில்தான் இருக்கிறது, கொஞ்ச நாள் தொண்டை கட்டும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். பிரின்ஸ்டனில் கட்டுப்பாட்டுக் கோபுரம் கிடையாது. எங்கே இருக்கிறேன், என்ன செய்யப் போகிறேன் என்று ஒவ்வொரு விமானியும் ரேடியோவில் சொல்லி, மற்றவர் சொல்வதைக் கேட்டு இறங்க வேண்டும். அங்கே குரல் என்பது ஒரு கருவி. அது திரும்பிவிட்டதா என்பதைக் கடிதத்தில் அரை வரியில் எழுதினால் நல்லது. யாரும் எழுதுவதில்லை.

கையில் பலம் வந்தது, வலி போனது. எக்ஸ்ரேயில் எலும்பு கூடிவிட்டது என்றார்கள். கடிதம் கேட்டேன்.

முதல் கடிதம் வந்தது. "நோயாளி நலமாக இருக்கிறார். தாங்கும் அளவுக்கு வழக்கமான செயல்களுக்குத் திரும்பலாம்." முடிந்தது. இதை எடுத்துக்கொண்டு என் பரிசோதகரிடம் போனேன். பரிசோதனைக்கு அல்ல, ஆலோசனைக்கு. இந்த வித்தியாசம் முக்கியம். பரிசோதனை என்று முறைப்படி தொடங்கிவிட்டால் பரிசோதகருக்கு மூன்றே வழி: சான்றைக் கொடுக்க வேண்டும், மறுக்க வேண்டும், அல்லது முடிவை மேலே தள்ளிவிட வேண்டும். மேலே என்றால் ஓக்லஹோமா சிட்டியில் இருக்கும் சான்றளிப்புப் பிரிவு. நாடு முழுக்க இருந்து வரும் கோப்புகளுக்கு நடுவில் உங்கள் நோயாளியின் கோப்பும் போய் உட்காரும். அதனால் விவரம் தெரிந்த விமானி காகிதம் முழுவதையும் சேர்த்துக்கொண்டு, முதலில் சும்மா போய்க் காட்டிவிட்டுத்தான் பரிசோதனைக்கு நாள் குறிப்பார்.

என் பரிசோதகர் அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "தாங்கும் அளவுக்கு என்றால் எவ்வளவு? தாங்கவில்லை என்பது எத்தனை அடி உயரத்தில் தெரியவரும்?" என்று கேட்டார். கேலிதான். ஆனால் அவர் நிலைமையில் யாராக இருந்தாலும் கேட்பார்கள். வீட்டில் புல் வெட்டுகிறவனுக்கு அந்தச் சொல் போதும். வலித்தால் இயந்திரத்தை நிறுத்திவிட்டு உள்ளே போய்க் காபி குடிக்கலாம். மேலே இருக்கிறவனால் முடியாது.

இரண்டாவது கடிதம் இரண்டு பக்கம். கணினி தானாக நிரப்பியது என்று பார்த்தாலே தெரிந்தது. மருந்துப் பட்டியலில் காபாபென்டின் இருந்தது. நான் அதை நிறுத்தி நான்கு மாதம் ஆகியிருந்தது; பட்டியலிலிருந்து நீக்க யாருக்கும் தோன்றவில்லை. நரம்பு வலிக்கு நீங்கள் கைதவறாமல் எழுதும் மாத்திரைதான் அது. ஆனால் எஃப்.ஏ.ஏ. கண்ணில் அது வலிப்பு நோய் மருந்து. வேறு எந்தக் காரணத்துக்காகச் சாப்பிட்டாலும் அந்த வகை மருந்தோடு சான்று கிடையாது. அந்த ஒரு வரியோடு பரிசோதனைக்குப் போயிருந்தால் அன்றைக்கே கதவு சாத்தியிருக்கும், சாப்பிடாத மாத்திரைக்காக.

மூன்றாவது கடிதம் கேட்கப் போனபோது கவுண்டரில் இருந்த பெண் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! கடன் திருப்பிக் கேட்க வந்தவனை அப்படித்தான் பார்ப்பார்கள். நல்லவேளை, அன்றைக்கு டாக்டரின் உதவியாளர் ஒருவர் ஐந்து நிமிடம் உட்கார்ந்து, "சரி, உங்களுக்கு என்னதான் வேண்டும்?" என்று கேட்டார். சொன்னேன். அரைப் பக்கத்தில் முடிந்தது. எந்தத் தேதியில், எந்த மட்டத்தில் (எந்த இரண்டு எலும்புகளுக்கு நடுவில்), என்ன ஆபரேஷன். எலும்பு கூடியதை எந்தத் தேதி எக்ஸ்ரே காட்டுகிறது. இரண்டு கையிலும் ஒவ்வொரு தசையின் பலமும் ஐந்துக்கு எத்தனை. உணர்ச்சி, அனிச்சை இயக்கம் சரியா. கழுத்து இடம் வலம் எத்தனை டிகிரி திரும்புகிறது. கடைசி மாத்திரை எந்தத் தேதியில். இனிமேல் சிகிச்சை ஏதாவது பாக்கி இருக்கிறதா. எந்தக் கட்டுப்பாடும் இல்லை என்று ஒரு வரி. கையெழுத்து. பரிசோதகர் அதைப் படித்துவிட்டு, என் கையைத் தாமும் ஒரு முறை தள்ளிப் பார்த்து, கழுத்தைத் திருப்பச் சொல்லிப் பார்த்து, சான்றை அச்சடித்துக் கொடுத்தார்.

இந்த விவரம் எல்லாம் சும்மா காகிதச் சடங்கு என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் விமானத்துக்குள் ஒரு இடம் உண்டு. உங்களை வலது இருக்கையில் உட்கார வைத்துக் காட்ட ஆசைதான். இப்போதைக்கு எழுத்தில் காட்டுகிறேன்.

டிரைசெப்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். செஸ்னாவில் இறங்க வரும்போது இறக்கைக்குப் பின்னால் இருக்கும் மடல்களை முழுக்க இறக்கி, வேகத்தைக் குறைத்து, மூக்கு மேல்நோக்கி நிற்கும்படி, அந்தச் சாய்வை நிலைநிறுத்தும் டிரிம் சக்கரத்தைச் சுழற்றி வைத்திருப்போம். கடைசி நொடியில் ஓடுபாதையில் ஒரு மான் நிற்கிறது என்று வையுங்கள். நியூஜெர்சியில் இது கற்பனை இல்லை. இறங்காமல் திரும்ப ஏற வேண்டும். வலது கையால் எஞ்சினுக்கு முழு பலம் கொடுத்த உடனே விமானம் மூக்கை வானத்துக்குத் தூக்கும். விட்டால் வேகம் செத்துப்போய் விழும். அதை அடக்க ஸ்டியரிங்கை முன்னால் தள்ளிப் பிடிக்க வேண்டும், இடது கையால் மட்டும், டிரிம்மைத் திருத்தும் வரைக்கும். தள்ளுவது டிரைசெப்ஸ் வேலை. அரிசிப் பை தலைமேல் விழுந்த அதே கை. "ஐந்துக்கு நாலரை" என்பது உங்கள் கிளினிக்கில் நல்ல மதிப்பெண்ணாக இருக்கலாம். எனக்கு அந்த அரை மதிப்பெண் எங்கே இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். முழு ஐந்து என்று எழுதினால் உண்மையாகவே ஐந்தாக இருக்கட்டும். இல்லை என்றால் இல்லை என்றே எழுதுங்கள். நிரந்தரமாக நின்றுவிட்ட குறைக்குக்கூட, பறந்து காட்டித் தகுதியை நிரூபிக்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் கழுத்துத் திருப்பம். எல்லாரும் முதலில் பயப்படுவது இதற்குத்தான். "ஃப்யூஷன்" என்ற சொல்லைக் கேட்டதும் கழுத்து மொத்தமும் கல்லாகிவிட்டதாக நினைக்கிறார்கள். தலையை இடம் வலம் திருப்புவதில் ஏறக்குறைய பாதி, மேலே முதல் இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவிலேயே நடந்துவிடுகிறது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே உங்கள் ஆட்கள்தான். கீழே ஒரு மட்டத்தைப் பூட்டினால் திருப்பத்தில் போவது கொஞ்சம். எனக்கு முன்பைவிட நன்றாகவே திரும்புகிறது, வலி இல்லாததால். ஆனால் உங்கள் நோயாளிக்கு மூன்று மட்டத்தைப் பூட்டியிருந்தால் கணக்கு வேறு. அதனால்தான் டிகிரியை அளந்து எழுதுங்கள் என்கிறேன். "போதுமான அளவு திரும்புகிறது" என்பது யாருக்குப் போதும்?

எங்கள் பக்கத்தில் பறப்பவர்களுக்கு ஹட்சன் ஆற்றின் மேல் பறப்பது ஒரு திருவிழா. மன்ஹாட்டன் ஒரு பக்கம், ஜெர்சி ஒரு பக்கம், 1,300 அடிக்குக் கீழே, கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதி தேவையில்லாத ஒரு வழி இருக்கிறது. வடக்கே போகிறவன் மன்ஹாட்டன் கரையோரம், தெற்கே வருகிறவன் ஜெர்சிக் கரையோரம். பாலங்களையும் சுதந்திர தேவி சிலையையும் தாண்டும்போது ரேடியோவில் சொல்லிக்கொண்டு, கண்ணால் பார்த்து ஒதுங்கிப் போக வேண்டும். 2009 ஆகஸ்ட் 8 அன்று அங்கே ஒரு பைப்பர் விமானமும் சுற்றுலா ஹெலிகாப்டரும் மோதி 9 பேர் இறந்தார்கள். கழுத்துக் கோளாறு அதற்குக் காரணம் இல்லை; ஆரோக்கியமான கண்ணுக்கும் கழுத்துக்குமே ஒரு எல்லை உண்டு என்பதைத்தான் அந்த விபத்து காட்டியது. கழுத்துப்பட்டையோடு யாரும் அங்கே போகக் கூடாது. முழுசாகத் தேறியவரைப் போகாதே என்று தடுக்கவும் காரணம் இல்லை. நடுவில் எங்கே நிற்கிறார் என்பதை அளந்து சொல்லக்கூடியவர் நீங்கள் மட்டும்தான்.

மாத்திரை விஷயத்தில் இன்னும் கொஞ்சம். காபாபென்டின் பற்றிச் சொல்லிவிட்டேன். ஆக்ஸிகோடோன் போன்ற வலி மருந்து, சைக்ளோபென்சாப்ரின் போன்ற தசை தளர்த்தி, இவற்றோடு பறக்க முடியாது என்பது உங்களுக்கே எட்டும். எட்டாதது, நிறுத்திய மறுநாளே பறக்க முடியாது என்பது. பொதுவான கணக்கு, ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் உள்ள இடைவெளியைப் போல ஐந்து மடங்கு காத்திருக்க வேண்டும். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை சாப்பிடும் மருந்தென்றால் 30 மணி நேரம். வலியில் தூக்கம் வராமல் கடையில் வாங்கிப் போடும் டைஃபென்ஹைட்ரமினுக்கு 60 மணி நேரம் என்றால் யாரும் நம்புவதில்லை. ஆகையால் எதை எப்போது நிறுத்தினார் என்ற தேதி, தயவுசெய்து. கணினிப் பட்டியலையும் ஒருமுறை துடைத்துவிடுங்கள்.

இனி கொஞ்சம் கசப்பான விஷயம். சில விமானிகள் உங்களிடம் வந்து, "இதை ரெக்கார்டுல ஏத்தாதீங்க டாக்டர்" என்று கெஞ்சுவார்கள். அல்லது பறப்பவர் என்றே சொல்லாமல் இருந்துவிடுவார்கள். நம் ஆட்கள் இதில் கெட்டிக்காரர்கள். கல்யாணத்துக்கு ஜாதகத்தையே திருத்தின பரம்பரை. இரக்கப்பட்டு உடன்பட்டுவிடாதீர்கள். பரிசோதனைக்கு முன் நிரப்பும் விண்ணப்பத்தில், கடந்த 3 ஆண்டுகளில் எந்த மருத்துவரைப் பார்த்தாய், இதுவரை என்ன ஆபரேஷன் என்று கேட்கிறார்கள். பொய் சொன்னால் 5 வருஷம் வரை சிறை, 2,50,000 டாலர் வரை அபராதம் என்று அந்தப் படிவத்திலேயே எச்சரிக்கை இருக்கிறது. 2023-இல் முன்னாள் ராணுவத்தினரான ஏறக்குறைய 5,000 விமானிகள் இப்படி விசாரணையில் சிக்கினார்கள்: ஊனத்துக்கான உதவித்தொகை ஒரு அலுவலகத்தில் வாங்கியிருந்தார்கள், அந்த ஊனத்தை எஃப்.ஏ.ஏ.விடம் சொல்லவில்லை என்ற சந்தேகம். கழுத்து ஆபரேஷனைச் சொன்னால் சான்று நிலைக்கும். மறைத்துப் பிடிபட்டால் சான்றோடு விமானி லைசென்சும் போகும்.

முறையான மருத்துவச் சான்றே வேண்டாம் என்கிறவர்களுக்கு 2017 மே முதல் பேசிக்மெட் என்று ஒன்று இருக்கிறது. சொந்த டிரைவிங் லைசென்ஸ், 48 மாதத்துக்கு ஒருமுறை ஒரு டாக்டரிடம் உடல் பரிசோதனை, 24 மாதத்துக்கு ஒருமுறை இணையத்தில் ஒரு பாடம். அந்தப் பரிசோதனைக்கு எஃப்.ஏ.ஏ. நியமித்த பரிசோதகர்தான் வேண்டும் என்பதில்லை; மாநில உரிமம் பெற்ற எந்த மருத்துவரும் செய்யலாம், நீங்கள் உட்பட. ஒரே சங்கடம், 2006 ஜூலை 14-க்குப் பிறகு ஒரு முறையாவது முறையான சான்று வாங்கியிருக்க வேண்டும். கடைசியாக விண்ணப்பித்தது மறுக்கப்பட்டிருக்கவும் கூடாது. அரைகுறைக் கடிதத்தோடு அவசரப்பட்டுப் போய் மறுப்பு வாங்கினால் இந்தக் கதவும் சேர்ந்து மூடிக்கொள்ளும். மூன்று கடிதம் வாங்க நான் உங்கள் கவுண்டரில் நின்றது இதற்குப் பயந்துதான்.

ஒரு சின்ன வேண்டுகோள். முதல் நாள் நிரப்பும் படிவத்தில் புகையிலை, மது, வேலை எல்லாம் கேட்கிறீர்கள். "விமானம் ஓட்டுவீர்களா?" என்று ஒரு பெட்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டிக் அடித்து வருபவருக்கு நான் மேலே சொன்ன அரைப் பக்கக் கடிதத்தைத் தயாராக வைத்திருங்கள். என்னுடையதில் பெயரை மறைத்து ஒரு பிரதி தருகிறேன், மாதிரிக்கு வைத்துக்கொள்ளலாம்.

பொங்கல் வரிசையில் என்னிடம் பேசிய டாக்டருக்குத் தனியாக ஒரு வார்த்தை. நீங்கள் அந்த நோயாளியின் பெயரைச் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. ஆனால் அவர் போன் நம்பர் உங்களிடம் இருக்கிறது. இப்போது வசந்த காலம். சின்ன விமானங்கள் சட்டென்று விலைபோகும் சமயம். முன்பணம் வாங்குவதற்குள் அவரைக் கூப்பிட்டுவிடுங்கள்.

அன்புடன்,
சி6-சி7-இல் தகடு உள்ள ஒரு சனிக்கிழமை விமானி
நியூஜெர்சி